சேலத்திலிருந்து பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் பக்கத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து, குளிர்காலத்தில் வடக்கே போய்ப் பனிச்சறுக்குக் கற்று வருகிறோம். இது வியாபாரம் அல்ல. யாரிடமும் பணம் வாங்குவதில்லை. ஐப்பசி முடிந்து குளிர் தொடங்கினாலே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் பயன்படும் என்று இதைத் தொகுத்திருக்கிறேன்.

ஏற்காட்டிலேயே இவ்வளவு குளிர்கிறதே, என்றாவது பனி பெய்யாதா?

பெய்யாது. மார்கழி விடியலில் ஏற்காட்டில் வெப்பம் 12, 13 டிகிரி வரை இறங்கும். ஏரிக்கரையில் எதிரே வருபவர் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி கவியும். ஆனால் வெண்பனி தரையில் விழுந்து நிற்க வேண்டுமானால், மேகத்திலிருந்து தரை வரைக்கும் காற்று உறைநிலையை ஒட்டி இருக்க வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். சேலம் நகரம் சுமார் 280 மீட்டரிலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டரிலும் இருப்பதால்தான் மலையேறியதும் எட்டு டிகிரி குறைந்து, சால்வையைத் தேடுகிறோம். நம் அட்சரேகையில் உறைநிலை வேண்டுமானால் பெரும்பாலும் 4,500 மீட்டருக்கு மேலே போக வேண்டியிருக்கும். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். ஊட்டியில் தை மாதக் காலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பது உறைபனி. இரவில் தரை குளிர்ந்து, காற்றின் ஈரம் புல்லின்மேல் படிந்து உறைவது அது. வானத்திலிருந்து பொழிவதில்லை, அதில் சறுக்கவும் முடியாது.

அப்படியானால் எங்கே போவது?

இந்தியாவில் முதல்முறை கற்பவர்களுக்கு மூன்று இடங்கள் உண்டு. காஷ்மீரின் குல்மர்க், உத்தராகண்டின் ஔலி, இமாச்சலில் மணாலிக்கு அருகில் உள்ள சோலங் பள்ளத்தாக்கு.

என் தேர்வு குல்மர்க். அடிவாரமே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா என்னும் கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது: முதல் கட்டம் சுமார் 3,080 மீட்டரில் உள்ள கோங்டூரி வரை, இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,950 மீட்டரை ஒட்டிய உயரம் வரை. கீழே பனி மெலிந்தாலும் மேலே கிடைக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். ஔலி அழகான இடம், எதிரே நந்தாதேவி சிகரம் தெரியும். ஆனால் 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரில் நிலம் புதைந்த பிறகு அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப் கார் நிறுத்தப்பட்டது. சாலை வழியாகப் போகலாம் என்றே திட்டமிடுங்கள். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட்டுக்கே மலைச் சாலையில் ஒரு முழுப் பகல் ஆகிவிடும். சோலங், பனியைத் தொட்டுப் பார்த்து ஓரிரு நாள் விளையாட நல்லது. முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் மணாலியில் உள்ள அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் நடத்தும் வகுப்பில் சேர்வது மேல்.

இப்போது குல்மர்க்கில் பனி எப்படி இருக்கிறது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். இதற்கு நான் இன்று ஒரு பதில் எழுதினால், நீங்கள் படிக்கும் நாளில் அது பழையதாகியிருக்கும். மலையில் பனியின் நிலை காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. ஆகவே, சேலத்தில் உட்கார்ந்தபடியே நீங்களே தெரிந்துகொள்ளும் வழியைச் சொல்கிறேன்.

முதலில், ஸ்ரீநகர் வானிலை ஆய்வு மையத்தின் அன்றாட அறிக்கையைப் பாருங்கள். குல்மர்க்கின் வெப்பநிலையும் பனிப்பொழிவும் அதில் தனியாக இருக்கும். பனிப்பொழிவு செ.மீ. கணக்கில் வரும். 1 செ.மீ. மழைக்குரிய நீர், உலர்ந்த பனியாக விழுந்தால் 10 செ.மீ. உயரத்துக்கு நிற்கும், கடுங்குளிரில் அதற்கும் மேல். எனவே '10 செ.மீ. பனி' என்பதைப் படித்துப் பெருமழை என்று எண்ணிவிட வேண்டாம். அது சுமாரான பொழிவு. 30 செ.மீ. என்றால் மனம் துள்ளலாம்.

அடுத்து, 'மேற்கத்திய இடையூறு' வருகிறதா என்று கவனியுங்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, காஷ்மீருக்குக் குளிர்காலத்தில் இது அப்படி. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து இமயமலையில் மோதிப் பனியாகக் கொட்டும். வலுவான ஒன்று வந்தாலே மலையின் நிறம் ஒரே இரவில் மாறிவிடும். வரிசையாக இரண்டு மூன்று வந்தால் அந்தப் பருவம் பிழைத்தது. வராவிட்டால் எவ்வளவு குளிர் அடித்தாலும் பனி கிடையாது. குளிர் இருந்தால் பனி இருக்கும் என்று நம்பித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

கடைசியாக, தங்கப்போகும் விடுதிக்குப் போன் செய்யுங்கள். 'பனி இருக்கிறதா?' என்று கேட்டால் 'இருக்கிறது, வாருங்கள்' என்றுதான் சொல்வார்கள். கடைசியாகப் பனி விழுந்தது என்றைக்கு, அடிவாரத்தில் முழங்கால் வரை நிற்கிறதா கணுக்கால் வரையா, கோங்டூரியில் எவ்வளவு, தொடக்கநிலைச் சரிவில் டிராக் லிஃப்ட் (சறுக்குபவரை மேலே இழுத்துச் செல்லும் கயிறு) ஓடுகிறதா, இரண்டாம் கட்டக் கொண்டோலா நேற்று திறந்திருந்ததா என்று கேளுங்கள். முடிந்தால் அன்றைக்கு எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரத்தில் வரும் படம் எந்த ஆண்டு எடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

எந்த மாதம் போனால் ஏமாற்றம் குறையும்?

ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி முடிய. காஷ்மீரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாட்களை 'சில்லய் கலான்' என்பார்கள். கடுங்குளிரின் உச்சம் அது. அந்த நாட்களில் விழும் பனிதான் உருகாமல் அடுக்கடுக்காகப் படிந்து அடித்தளமாகிறது. அந்த அடித்தளம் அமைந்த பிறகு போவதே கற்பவர்களுக்கு நல்லது. அதற்கு முன்னால் போனால் மெல்லிய பனிக்கு அடியில் கல்லும் புதரும் ஸ்கீயை, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகையை, பிடித்து இழுக்கும். மார்ச்சிலும் சறுக்கலாம், அப்போது விடியற்காலையில் கிளம்பி நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும்.

இதுவும் உத்தரவாதம் அல்ல. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை குல்மர்க் பழுப்புப் புல்வெளியாகக் கிடந்தது. 2025-இல் பனி போதாமல் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் போட்டிகள் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. தேசியப் போட்டிக்கே இந்த நிலை என்றால் நம் நான்கு நாள் விடுப்பு எம்மாத்திரம்!

பொங்கல் விடுமுறையில் போகலாமா? அரையாண்டுத் தேர்வு விடுமுறையில்?

பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியும் காஷ்மீரின் பனியும் ஒத்துப்போவதே இல்லை. அரையாண்டு விடுமுறை பெரும்பாலும் நல்ல பனி விழுவதற்கு முன்பே வந்துவிடும். அப்போது ஹோட்டல் கட்டணமும் கூட்டமும்தான் உச்சத்தில் இருக்கும். பொங்கல் பாதிக்குப் பாதி. மே மாதக் கோடை விடுமுறையில் குல்மர்க் முழுக்கப் பச்சை, அஃபர்வத் உச்சியில் பழம்பனித் திட்டுகள் மிஞ்சியிருக்கும், அவ்வளவே. உண்மையாகவே கற்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் பிப்ரவரியில் ஒரு வாரம் விடுப்புப் போடுங்கள். அந்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

பனியில் வகைகள் உண்டா? எல்லாம் வெள்ளைதானே?

நிறைய உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் சறுக்குவதன் சுகமே வேறு. கையுறையைக் கழற்றி ஒரு பிடி பனியை அள்ளி இறுக்கிப் பாருங்கள். விரல்களுக்கு இடையே மாவாக உதிர்ந்து, ஊதினால் பறந்தால் அது புதிய உலர்பனி. வேறு நாட்டுக்காரர்கள் குல்மர்க்கைத் தேடி வருவது இதற்காகத்தான். உருண்டையாகப் பிடித்து நின்றால் அதில் ஈரம் ஏறியிருக்கிறது. ஸ்கீ மெதுவாக ஓடும், தொடக்கக்காரர்களுக்கு அது பயம் தராத பனி. பிடித்த கையில் நீர் சொட்டினால் கூழாகிவிட்டது; முழங்கால் திருகிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான், கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுங்கள்.

கையால் அள்ளவே முடியாமல் நகம் சுரண்டினால் கரகரவென்று சத்தம் வருகிறதா? பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த கடும்பனி அது. காலை எட்டு மணிக்கு வழுக்குப் பாறையாக இருக்கும் அதே சரிவு, வெயில் பட்டு மேல்தோல் இளகியதும் பத்தரை மணிக்கு அருமையான களமாகிவிடும். பிப்ரவரிக் கடைசியில் போகிறவர்கள் இந்த இரண்டரை மணி நேர வித்தியாசத்தை மதிக்க வேண்டும். பயிற்சியாளர் 'இன்னும் கொஞ்சம் பொறுங்கள்' என்றால் அவர் சோம்பேறி அல்ல.

நடக்கும்போதே சத்தத்தைக் கவனியுங்கள். நன்றாக உறைந்து உலர்ந்த பனி காலடியில் கிறீச்சிடும். வெப்பம் ஏற ஏற அந்தச் சத்தம் மங்கிவிடும்.

சேலத்திலிருந்து எப்படிப் போவது?

நேரம் இருப்பவர்களுக்கு ரயில்தான். கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு பகுதியில் உள்ள கட்ராவுக்குப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை சேலம் ஜங்ஷன் வழியாகப் போகிறது. 2025 ஜூனில் செனாப் பாலத்தோடு கட்ரா–ஸ்ரீநகர் பாதை திறந்துவிட்டதால், கட்ராவில் வந்தே பாரத்துக்கு மாறி ஸ்ரீநகர் வரை தண்டவாளத்திலேயே போய்விடலாம். ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பாலத்தைக் கடப்பதற்காகவே ஒருமுறை இப்படிப் போகலாம். ஆனால் கட்ரா போய்ச் சேரவே மூன்று நாள் பிடிக்கும்.

விடுப்புக் குறைவாக உள்ளவர்கள் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்தோ, காரில் பெங்களூரு போய் அங்கிருந்தோ டெல்லி வழியாக ஸ்ரீநகர் செல்லலாம். ஸ்ரீநகரிலிருந்து குல்மர்க் சுமார் 50 கி.மீ. பனி விழுந்த நாட்களில், வழியில் உள்ள தங்மர்க் என்ற ஊருக்கு மேல் சாதாரணக் கார்களை விடமாட்டார்கள். டயரில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும். ஊர் திரும்பும் நாளில் பனி கொட்டினால் விமானமும் ரத்தாகும். ஆகவே திரும்பி வந்த மறுநாளே திருமணமோ அலுவலகக் கூட்டமோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

முக்கியமான ஒன்று: பிற மாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குழுவில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும்.

எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்? யார் சொல்லித் தருவார்கள்?

ஐந்து நாட்களுக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள். குல்மர்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. 1968-இல் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சி அது. குளிர்காலத்தில் தங்கிப் பயிலும் வகுப்புகள் நடத்துகிறார்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஔலியில் உத்தராகண்ட் அரசு நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகாம் 7 நாள், 14 நாள் வகுப்புகள் நடத்திவருகிறது. தனிப் பயிற்சியாளர்களும் குல்மர்க்கில் நிறையப் பேர். தங்மர்க் பக்கத்துக் கிராமங்களில் பிறந்து, நடக்கக் கற்றபோதே சறுக்கவும் கற்றவர்கள். அந்த மண்ணிலிருந்து வந்த ஆரிஃப் கான்தான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர்.

முதல் நாள் முழுக்கப் பூட்ஸோடு போராட்டம். கணுக்காலைக் கெட்டியாகக் கவ்வும் கனத்த பிளாஸ்டிக் பூட்ஸ் அது. குதிகாலை முதலில் ஊன்றித்தான் நடக்க முடியும். உள்ளே ஒரே ஒரு ஜோடி கம்பளிக் காலுறைதான் போட வேண்டும். குளிருமே என்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும். கணுக்கால் முன்பக்கம் பூட்ஸின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பயத்தில் உடம்பு பின்னால் சாயும், சாய்ந்த நொடியே ஸ்கீ நம் பேச்சைக் கேட்காமல் போய்விடும்.

அடுத்து முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகற்றி ஆப்பு வடிவில் நிறுத்தப் பழக்குவார்கள். வேகத்தை அடக்கும் வழி அதுதான். பிறகு திரும்புதல். மலையை நேராகப் பார்த்து இறங்கக் கூடாது. குறுக்காகப் போய், திரும்பி, மறுபடி குறுக்காக. ஏற்காட்டு மலைப்பாதை 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏன் சுற்றி இறங்குகிறது என்பதை நினைத்துக்கொண்டால் பயிற்சியாளர் ஹிந்தியில் சொல்வது முழுவதும் புரியாவிட்டாலும் உடம்புக்குப் புரியும். மூன்றாம் நாள் மாலைக்குள் சிறு சரிவில் விழாமல் இறங்கிவிடுவீர்கள். கொண்டோலாவில் ஏறி மேலே போய்ச் சறுக்கும் ஆசையை முதல் பயணத்தில் அடக்கிக்கொள்ளுங்கள். சுற்றிப்பார்க்க மட்டும் ஏறுங்கள். அதற்கான டிக்கெட் ஆன்லைனில்தான், முன்கூட்டியே எடுக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் இரண்டாம் கட்டத்தை மூடிவிடுவார்கள்.

என்ன உடுத்துவது?

பருத்தி வேண்டாம். பருத்தி நம் ஊருக்குப் பெருமை, ஆனால் பனியில் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே நீர் புகாத ஜாக்கெட்டும் பேண்ட்டும். வெளி உடையும் ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட்டும் குல்மர்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, காலுறை, தெர்மல் மூன்றையும் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். புதிய பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், மேகமூட்டமான நாளிலும் கண் எரிந்து நீர் வடியும்.

எனக்கு 50 வயதாகிறது, கற்க முடியுமா?

முடியும். முழங்கால் நன்றாக இருந்தால் போதும். இதய நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். சேலத்திலிருந்து ஒரே நாளில் 2,650 மீட்டருக்குப் போகிறோம். தலைவலி, தூக்கமின்மை, குமட்டல் வரலாம். ஸ்ரீநகரில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுவது நல்லது. நீர் நிறையக் குடியுங்கள். அறிகுறி அதிகமானால் மருந்து தேடுவதைவிடக் கீழே இறங்குவதுதான் முதல் வேலை. இன்சுலின் எடுத்துக்கொள்கிறவர்கள் மருந்து உறையாதபடி ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பனிச்சரிவு வருமா?

வரும். இதில் மழுப்ப விரும்பவில்லை. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அஃபர்வத்தில் போலந்து நாட்டினர் இருவரும், 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். இந்த விபத்துகள் மேல்மலையில் நடந்தவை. நாம் கற்கும் அடிவாரச் சரிவுகள் வேறு, அங்கே அந்தப் பயம் வேண்டாம். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் கிளம்புகின்றன. பெரும் பனிப்பொழிவுக்கு அடுத்த ஓரிரு நாட்கள்தான் அதிக ஆபத்து. புதுப்பனி கண்ணைப் பறிக்கும் நாளும் அதுவே என்பதால்தான் தேர்ந்தவர்களும் சிக்குகிறார்கள்.

சண்டிகரில் இயங்கும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் ஒன்று பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. மாவட்ட நிர்வாகமும் அதை அறிவிக்கும். கயிறு கட்டித் தடுத்த இடத்தைத் தாண்டாதீர்கள், யார் கூப்பிட்டாலும் சரி. புதைந்தவரை முதல் 15 நிமிடங்களுக்குள் எடுத்தால்தான் நம்பிக்கை. அதற்குரிய சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் கையில் இருந்து, பயன்படுத்தவும் தெரிந்தவர்கள்தான் மேல்மலைக்கு உரியவர்கள்.

போவதற்கு முன் இங்கேயே என்ன பயிற்சி செய்யலாம்?

இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். சறுக்கும்போது தொடைதான் முதலில் எரியும். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்வதுபோல் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, படி இறங்குவது மூன்றும் போதும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் நமக்குத் தேவையான தசையைப் பழக்கும். ஏற்காட்டில் தங்குகிறவர்கள் சேர்வராயன் கோயிலிலிருந்து ஊருக்கு நடந்தே இறங்கலாம். கொண்டை ஊசி வளைவுச் சாலையில் மட்டும் வண்டிகளுக்கு நடுவே வேண்டாம். உருளைச் சறுக்கு தெரிந்த பிள்ளைகள் பனியில் மற்றவர்களைவிட ஒரு நாள் முந்திவிடுகிறார்கள்.

நம் போன்ற மலையிலிருந்து சாதிக்க முடியுமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு: காப்பித் தோட்டங்களின் நாடான குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா, குறுக்குநாட்டுப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்காகப் போட்டியிடுகிறார். அவர் ஊரிலும் பனி பெய்வதில்லை.

போய்ச் சேர்ந்த பிறகு பனியே இல்லாவிட்டால் பணம் திரும்புமா?

முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். விடுதி, பயிற்சி, வண்டி மூன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டுவது நல்லது. மொத்தப் பொதியாகக் கட்டினால் எதற்கு எவ்வளவு என்றே தெரியாது. எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று மொத்தமாகக் கட்டிவிட்டு, புல்வெளியில் மட்டக்குதிரை சவாரி செய்துவிட்டுத் திரும்பி வந்தது. ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. விமான டிக்கெட்டில் தேதி மாற்றும் வசதிக்குக் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருங்கள். மேற்கத்திய இடையூறு எதுவும் கண்ணுக்கு எட்டாமல், அடிவாரத்தில் புல் தெரிகிறது என்று விடுதிக்காரரும் சொன்னால் தயங்காமல் தேதியை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள்.